என்னைக் கேட்காமல் விடாதே

போன செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு எங்கள் அண்ணனூர் வீட்டில் இன்டர்நெட் செத்தது. கொன்றவன் நான்தான்... அது எனக்கே தெரிய முக்கால் மணி நேரம் ஆயிற்று.

அந்த நேரம் என் மனைவி மெர்சிக்கு வீடியோவில் இன்டர்வியூ. குழந்தைகளுக்காக வேலையை விட்டு ஒன்பது வருடம் கழித்து வந்த முதல் அழைப்பு. இரண்டாவது கேள்வியிலேயே திரை உறைந்துவிட்டது.

"என்னங்க, நெட் போயிடுச்சு."

"நெட் கம்பெனி லைன்ல ஏதோ கோளாறு. இரு, பேசறேன்" என்றேன்.

அம்பத்தூரில் நெட்வொர்க் வேலை பார்ப்பவன் சொன்னால் நம்ப வேண்டாமா? அவள் நம்பவில்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடினாள்.

நான் போனில் போட்ட சத்தத்தில் லைன்மேன் பாஸ்கர் வந்தார். கேபிளைச் சோதித்தார்.

"லைன் நல்லாத்தான் கீது சார். நடுவுல இன்னா பொட்டி அது?"

அந்தப் பொட்டி — என் பெருமை. பழைய கம்ப்யூட்டரை ஃபயர்வாலாக மாற்றியிருந்தேன். இன்டர்நெட்டில் எல்லாமே சின்னச் சின்ன பாக்கெட்டுகளாகத்தான் வரும். எதை விடுவது, எதைத் தடுப்பது என்று ஃபயர்வாலே பார்த்துக்கொள்ளும். எனக்கு அது போதவில்லை. விளம்பரங்களை வடிகட்ட நானே ஒரு புரோகிராம் எழுதி, 'ஒவ்வொரு பாக்கெட்டையும் இதனிடம் காட்டு, இது சரி என்றால் மட்டும் விடு' என்று உத்தரவு போட்டிருந்தேன்.

அன்றைக்கு நான் யோசித்தே பார்க்காத வகையில் ஒரு பாக்கெட் வந்திருக்கிறது. என் புரோகிராம் திகைத்து, அப்படியே படுத்துவிட்டது. சரி சொல்ல ஆளில்லை. ஃபயர்வாலோ ரொம்ப விசுவாசம் — ஒன்றைக்கூட விடவில்லை.

பாஸ்கர் பொட்டியைக் கழற்றி ஓரமாக வைத்தார். ஒயரை நேராகச் செருகினார். நெட் வந்தது.

"யாரு சார் இத வெச்சது?"

"ஒரு ஃப்ரெண்டு..."

"அவர ஊட்டாண்ட சேக்காதீங்க சார்."

மெர்சி திரும்பியதும் உண்மையைச் சொல்லிவிட்டேன். இன்டர்வியூ கெட்டுப்போயிருந்தால் எந்த முகத்தோடு சொல்லியிருப்பேன்? நல்லவேளை, வேலை கிடைத்துவிட்டது.

"நடுவுல ஏன் லைன் கட்டாச்சுன்னு கேட்டாங்க" என்றாள்.

"நீ என்ன சொன்ன?"

"வீட்டுக்காரர் நெட்வொர்க் இன்ஜினியர்னேன். புரிஞ்சுக்கிட்டாங்க."

ஆபீஸில் எல்லா ஃபைலும் தன் மேஜையைத் தொட்டுத்தான் போக வேண்டும் என்கிற மேனேஜரை எத்தனை முறை திட்டியிருப்பேன்! வீட்டில் அதையேதான் நான் கட்டி வைத்திருந்தேன்.

இப்போது புதிதாக ஒரு விதி சேர்த்திருக்கிறேன்: புரோகிராம் பதில் சொல்லும் நிலையில் இல்லையென்றால், அதைக் கேட்காமலே விட்டுவிடு.

என் விஷயத்தில் இந்த விதி வீட்டில் ரொம்ப நாளாகவே அமலில் இருக்கிறதாம். மெர்சி சொல்லித்தான் தெரிந்தது.