மதினி தொட்ட ஜாடி

சாப்பாட்டு மேசையின் மேல், உப்பு டப்பாவுக்கும் அம்மாவின் மாத்திரைகளுக்கும் நடுவில், ஒரு கண்ணாடி ஜாடி இருக்கிறது. அதற்கு மூடி இல்லை. பேண்டேஜ் துணியை இரண்டாக மடித்து வாயில் போட்டு, நூலால் சுற்றிக் கட்டியிருக்கிறது. உள்ளே தேன் நிறத்தில் நெல்லிக்காய்கள், அடியில் ஒன்றிரண்டு கிராம்பு. போன ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வரை பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தேன். இடுப்பெலும்பு முறிந்து ஆறு மாதமாக என்னோடு இருக்கிற அம்மா, கட்டிலில் சாய்ந்தபடி டிவி பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் மட்டும் அந்த ஜாடிக்குப் போய்ப் போய் வந்தது. வாய் திறந்து கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்துகொள்வதுதான் எங்கள் வீட்டு வழக்கம். அந்த வழக்கம் ஒருத்தியை வீட்டைவிட்டே அனுப்பியது.

அவள் என் மதினி, அண்ணனின் முதல் மனைவி. இப்போது அண்ணனுக்கு வேறு மனைவி இருக்கிறாள். அவளும் நல்லவள்தான், அவளை அக்கா என்று கூப்பிடுகிறேன். மதினி என்ற சொல்லை ஒருத்திக்குக் கொடுத்தாகிவிட்டது, அதைப் பிடுங்கி இன்னொருத்திக்குக் கொடுக்க எனக்கு வாய் வரவில்லை.

மதினி ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. கல்யாணமாகி வந்த வருஷமே மார்கழிக்கு முன்னால் சந்தையிலிருந்து பெருநெல்லிக்காய் ஒரு பை நிறைய வாங்கி வந்து, சுண்ணாம்புத் தெளிவில் ஊறப் போட்டாள். ஊறுகாய்க்குத்தான் என்று நாங்கள் நினைத்தோம். மறுநாள் சாக்கு தைக்கிற ஊசியால் ஒவ்வொரு காயையும் சுற்றிச் சுற்றிக் குத்தினாள். குத்தாத காய் பாகை வாங்காது, வெளியே இனித்து உள்ளே துவர்த்துக் கிடக்கும் என்பாள். வெந்நீரில் ஒரு கொதி விட்டு எடுத்து, ஜாடியில் காய் ஒரு அடுக்கு, சர்க்கரை ஒரு அடுக்கு என்று நிரப்புவாள். சர்க்கரை தானே கரைந்து தண்ணீராக நிற்கும். பிறகுதான் பொறுமைக்கு வேலை. தினமும் அந்தப் பாகை மட்டும் வடித்து, அடுப்பில் காய்ச்சி, ஆறவைத்துத் திரும்ப ஊற்ற வேண்டும். ஒருநாள் விட்டால் நுரைத்துப் புளித்துவிடும். பாகு தேன் பதத்துக்கு வந்ததும் சுக்கு, மிளகு, ஏலம், கிராம்பு எல்லாவற்றையும் ஒன்றிரண்டாகத் தட்டித் துணியில் முடிந்து உள்ளே போடுவாள். காய் கண்ணாடி மாதிரி ஆனபின் பாதியைப் பாகிலேயே விட்டு, மீதியை எடுத்து மொட்டைமாடியில் காயவைப்பாள்.

காயவைக்கிற தட்டுக்குமேல் மூடுவதற்குப் பேண்டேஜ் துணி. அண்ணன் அந்தத் துணி நெய்கிற தறிக்கூடத்தில் சூப்பர்வைசராக இருந்தான். கரை சரியில்லாமல் கழித்த துண்டுகளைக் கொண்டுவருவான். எங்கள் வீட்டில் மிளகாய் வற்றல், மோர்மிளகாய், சளி பிடித்த மூக்கு என்று சகலத்துக்கும் அந்தத் துணிதான். மாடியில் வெள்ளை வெள்ளையாகத் துணி மூடிய தட்டுகளைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டு அத்தை, "உங்க வீட்டு நெல்லிக்காய்க்கெல்லாம் ஆப்பரேசன் நடந்துருக்கு போல" என்று கேலி செய்வாள். மதினி அவளுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்புவாள். வாயில் போட்டால் முதலில் இனிப்பு, பிறகு சுக்கு மெல்ல ஏறும், கடைசியில் நெல்லியின் துவர்ப்பு நாக்கில் நிற்கும். அதற்குமேல் தண்ணீர் குடித்தால் அதுவும் இனிக்கும்.

இதில் அம்மாவுக்கும் சந்தோஷம்தான். ஆனால் அம்மாவிடம் ஒரு சட்டம் இருந்தது. வீட்டுக்குத் தூரமான பெண் ஜாடிகளைத் தொடக் கூடாது. தொட்டால் ஊறுகாய் பூத்துப்போகும், பாகு புளித்துப்போகும். ஒரு காலத்தில் அந்த நாட்களில் பின்கட்டு அறையிலேயே உட்காரவைத்திருக்கிறாள். அம்மாவுக்கு மூட்டுவலி வந்த பிறகு சாஸ்திரம் கொஞ்சம் வளைந்து கொடுத்தது. சோறு வடிக்க ஆள் வேண்டுமல்லவா. அடுக்களைக்குள் வரலாம், சமைக்கலாம், பாத்திரம் கழுவலாம் என்று ஒவ்வொன்றாக விலக்குக் கிடைத்து, கடைசியில் சாமி விளக்கும் ஜாடிகளும் மட்டும் மிஞ்சின. விளக்கு எப்போதும் அம்மாதான் ஏற்றுவாள். ஆக, மிச்சம் இருந்தது ஜாடி மட்டும்தான்.

அதனால் மாதத்தில் ஒருநாள் மதினி அடுக்களையிலிருந்து என்னைக் கூப்பிடுவாள். "பாப்பா, கொஞ்சம் ஊறுகாய் எடுத்துக் குடு." அப்போது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன், இன்றைக்கும் அவளுக்கு நான் பாப்பாதான். அந்த ஒரு வார்த்தை போதும். கூடத்தில் அம்மா கையிலிருக்கிற செம்பைத் தரையில் வைக்கிற சத்தம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். அன்றைக்கு அம்மா யாரிடமும் முகம் கொடுத்துப் பேச மாட்டாள். கல்யாணமாகி ஆறு வருஷம், ஒவ்வொரு மாதமும் இப்படி ஒரு ஊறுகாய்க் கிண்ணத்தின் வழியாக மதினி தன் உடம்பின் செய்தியை வீட்டுக்கு அறிவித்துக்கொண்டிருந்தாள். அவளை யாரும் திட்டியது கிடையாது. திட்டியிருந்தால் பதிலாவது சொல்லியிருக்கலாம்.

நெல்லிக்காய் போடுவதற்கு மதினி நாள் பார்ப்பாள். தலைக்குக் குளித்த மறுநாள் ஆரம்பித்தால் அடுத்த முறைக்குள் காய்ந்து டப்பாவுக்குள் போய்விடும். அந்த மார்கழியில் கணக்குத் தவறியது. மலைப்பக்கம் மூட்டம் கட்டிக்கொண்டு வெயிலே வரவில்லை, விட்டுவிட்டுத் தூறல். காயவைக்க வழியில்லாமல் காய் பாகிலேயே கிடந்தது. மதினி தினமும் பாகை வடித்துக் காய்ச்சி ஊற்றிக்கொண்டே இருந்தாள். நாள் ஓடியது. அவள் என்னைக் கூப்பிடவே இல்லை. ஊறுகாயையும் அவளே எடுத்தாள்.

முதலில் கவனித்தது அம்மாதான். ஒருநாள் காலை மதினி குடத்தைத் தூக்கப் போனபோது, "வையி, பாப்பா தூக்குவா" என்றாள். எனக்கு ஆச்சரியம். மறுநாள் மதினியின் தட்டில் கேட்காமலே நெய் விழுந்தது. மாடிப்படி வழுக்குகிறது என்று அம்மாவே சாக்கை விரித்தாள். கோயிலுக்குப் போய்வந்து அவள் நெற்றியில் குங்குமம் வைத்தாள். பிறகு திடீரென்று இரண்டு மூன்று நாள் வெயில் எட்டிப் பார்த்தது. காய்ந்த முதல் தட்டுக் காய்களை அம்மா தானே கிண்ணம் கிண்ணமாக எடுத்துத் தெருவில் நாலு வீட்டுக்குக் கொண்டுபோனாள். "எங்க மருமக கைப்பக்குவம், சாப்பிட்டுப் பாருங்க." ஆறு வருஷத்தில் அம்மா வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. எல்லாரும் சாப்பிட்டார்கள், இந்த வருஷம் முன்னைவிட நன்றாக வந்திருப்பதாகச் சொன்னார்கள். நானும் நம்பிவிட்டேன். எங்கள் அண்ணனுக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது என்று கல்லூரியில் தோழியிடம்கூடச் சொன்னேன்.

ஒரு மத்தியானம் அம்மா போனில் பேசிக்கொண்டிருந்தாள். எதிர்முனையில் சோழபுரத்து மாமா, அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் தெருவுக்கே கேட்கும்படிதான் பேசுவாள். "அந்தப் பேச்ச இத்தோட விட்டுருப்பா. தை பொறந்ததும் வாரேன்னு சொன்னது சொன்னதுதான், இல்லங்கல. இப்ப எங்க மருமக முழுகாம இருக்கா. ஒம்மகளுக்கு வேற நல்ல எடமா அமையும்." மதினி படிக்கட்டில் பாகுச் சட்டியோடு நின்றிருந்தாள். தன் புருஷனுக்கு இரண்டாவதாகப் பெண் பார்த்திருக்கிறார்கள் என்பது, அந்தப் பேச்சு வேண்டாம் என்று ஆனபோதுதான் அவளுக்குத் தெரியவந்தது. எனக்கும் அப்போதுதான் தெரியும்.

நான் அவள் பின்னாலேயே மாடிக்கு ஓடினேன். சட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தட்டுகளின் துணியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். "சந்தோசமான விசயம்தான மதினி, விடுங்க" என்றேன். வேறு என்ன சொல்லத் தெரியும் அந்த வயதில். அவள் என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"ஒண்ணும் இல்ல பாப்பா. எப்பவும் போல வந்து, எப்பவும் போல போயிருச்சு."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பயம் வந்தது. தட்டுகளைத்தான் பார்த்தேன். அந்த நாட்களிலும் அவள்தான் பாகைக் காய்ச்சியிருக்கிறாள், அவள்தான் காயைத் திருப்பிப் போட்டிருக்கிறாள். ஒன்றும் பூக்கவில்லை, ஒன்றும் புளிக்கவில்லை.

"ஏமாத்தணும்னு செய்யல," என்றாள். "மாசா மாசம் ஒரு கிண்ணத்த நீட்டி ஊருக்கே தமுக்கடிச்ச மாதிரி இருக்கு. ஒரு மாசம், ஒரே ஒரு மாசம், யாருக்கும் தெரியாம எனக்கு மட்டும் வந்துட்டுப் போகட்டும்னு நெனச்சேன். அம்புட்டுதான். சும்மா இருந்தா அதுக்கும் ஒரு அர்த்தம் வச்சிருவாகன்னு எனக்குத் தோணல பாரு."

பேசாமல் இருந்துவிடுங்கள், இன்னும் கொஞ்ச நாளில் ஏதோ கலைந்துவிட்டதாகச் சொல்லிவிடலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். அந்தப் பேச்சு நின்றிருக்கிறதே, அப்படியே நிற்கட்டுமே என்று நினைத்தேன். மதினி சிரித்தாள். "இல்லாத பிள்ளையச் சாகடிக்கச் சொல்லுதியா?" என்று கேட்டாள்.

மறுநாள் மத்தியானம் அண்ணன் சாப்பிட உட்கார்ந்திருந்தான். அம்மா பக்கத்தில், நான் வாசற்படியில். மதினி ரசம் ஊற்றிவிட்டு, கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு, "அத்தை, நான் முழுகாம இல்ல" என்றாள். அம்மா பிள்ளை இல்லை என்பதற்கு அழுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அம்மா கேட்டது வேறு. "அப்ப அந்த நாள்லயும் ஜாடியத் தொட்டியா?"

"தொட்டேன்."

அம்மா அண்ணன் பக்கம் திரும்பினாள். "ஏலே, ஒனக்கு இது தெரியுமா?"

அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, "எனக்கு என்ன தெரியும்" என்றான்.

மதினி அவனைப் பார்த்த பார்வையை என்னால் மறக்கவே முடியாது. அதில் கோபம்கூட இல்லை. ஏதோ விலாசம் கேட்டவள், இது அந்த வீடு இல்லை என்று தெரிந்துகொண்டதுபோல் பார்த்தாள். அன்றைக்குச் சாயங்காலம் அம்மா ஜாடிகளைத் தென்னைமரத்தடியில் கவிழ்த்துக் கொட்டினாள். பாகு மண்ணில் இறங்குவதற்குள் எறும்பு வந்துவிட்டது. கிண்ணம் வாங்கிய நாலு வீட்டிலும் ஒருவருக்கும் வயிற்றுவலிகூட வரவில்லை என்று நான் கத்தினேன். "வாய மூடுட்டி" என்றாள் அம்மா. மதினி உள்ளே துணிமணியை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு நான்தான் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். வழியனுப்ப அண்ணன் வரவில்லை. பஸ்ஸில் ஏறுவதற்கு முன் சொன்னாள். "ஒங்க அண்ணனுக்கு மொத நாளே தெரியும் பாப்பா. வயித்துவலின்னு படுத்தப்போ சுடுதண்ணி வச்சுக் குடுத்ததே அவிகதான். சோழபுரத்துப் பேச்சும் தெரிஞ்சிருக்கும்." அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் திரும்பி வர மாட்டாள் என்று எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. பெரியவர்கள் ஒருமுறை கூப்பிடப் போனார்கள். அவள் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டாள். அண்ணன் போகவே இல்லை. பின்னால் எல்லாம் முறைப்படி கோர்ட்டில் முடிந்து, சோழபுரத்துப் பெண் வந்தாள். ஒரு மகள் பிறந்தாள். அந்தப் பிள்ளை மேல் எனக்கு உயிர். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அது தூங்கும்போது, அன்றைக்கு எதுவும் வேறு மாதிரி நடந்திருக்கக் கூடாது என்று தோன்றும். உடனே அப்படித் தோன்றியதற்காக என் மேலேயே வெறுப்பு வரும். இரண்டுக்கும் நடுவில்தான் இத்தனை வருஷம் இருக்கிறேன்.

மதினி இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பல் டாக்டரிடம் சீட்டுப் போட்டுக் கொடுக்கும் வேலையில் இருக்கிறாள். மார்கழியில் இன்னமும் நெல்லிக்காய் போடுகிறாள். "டாக்டருக்கு ஆள் சேத்து விடுதேன்" என்று சிரிக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கப் போனபோது பேச்சுவாக்கில், அம்மாவுக்கு எதுவும் ருசிக்கவில்லை, சோற்றைத் தள்ளிவிடுகிறாள் என்று சொன்னேன். எதையும் எதிர்பார்த்துச் சொல்லவில்லை. கிளம்பும்போது அவள் இந்த ஜாடியைக் கொடுத்தாள். கடையில் வாங்கிய பேண்டேஜ் துணி, புதுசு. "கேட்டாகன்னா சொல்லு. எல்லா நாளும் தொட்டுத்தான் செஞ்சேன்னு சொல்லு. மறைக்காத" என்றாள்.

நேற்று மத்தியானம் அம்மா கேட்டாள். "அது என்னட்டி?"

"நெல்லிக்காய்."

"யாரு போட்டது?"

"மதினி."

அம்மா கையை மட்டும் நீட்டினாள். ஒன்றை எடுத்துக் கிண்ணத்தில் வைத்துக் கொடுத்தேன். வாயில் போட்டு, பல் இல்லாத பக்கத்துக்கு ஒதுக்கி, மெல்ல ஆரம்பித்தாள். அப்போது சொன்னேன், மதினி சொன்னதை அவள் சொன்னபடியே. அம்மாவின் தாடை நின்றது. துப்பிவிடுவாள் என்று நினைத்து உள்ளங்கையை நீட்டினேன். சுக்கு ஏறியிருக்க வேண்டும், கண்ணில் நீர் கோத்திருந்தது, வேறு எதனாலும் என்று நான் சொல்ல மாட்டேன். பிறகு திரும்பவும் மென்றாள். கொட்டையை மட்டும் என் கையில் துப்பினாள்.

"இன்னொண்ணு எடு" என்றாள்.

எடுத்துக் கொடுத்தேன். எனக்கு மனம் இளகியிருக்க வேண்டும், இளகவில்லை. ஆத்திரம்தான் வந்தது. இவ்வளவு சுலபமாக வாய்க்குள் போய்விடுகிற ஒன்றுக்காகவா அன்றைக்கு அத்தனையும் செய்தாய் என்று கேட்க நாக்கு துடித்தது. அம்மா கண்ணை மூடிச் சுவைத்துக்கொண்டிருந்தாள், நான் கேட்கவில்லை. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "தண்ணி இனிக்குது" என்றாள். நான் ஜாடியின் வாயில் துணியைப் போட்டு நூலைச் சுற்றிக் கட்டினேன். விரலில் நூல் பதிந்து சிவக்கிற அளவுக்கு இறுக்கியிருக்கிறேன் என்று கட்டி முடித்த பிறகுதான் தெரிந்தது.