ட்ரிப் சுவிட்ச்சைக் கழற்றியவர்

இலங்கையில் குருவிட்ட ஊர்ப் பக்கம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு வயரிங் வேலைக்கு வந்த அந்த பாஸ், அதாவது மேஸ்திரி, மெலிந்து, கண் குழிந்திருந்தார். தகரக் கதவைக்கூடப் புறங்கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் திறந்தார்.

கரண்டு கசிந்தால் லைனைத் துண்டிக்கிற ட்ரிப் சுவிட்ச், மழை பெய்தாலே எங்கள் வீட்டில் விழுந்துகொண்டிருந்தது. “அதக் கழட்டிட்டு நேரா லைனக் குடுத்துருங்க பாஸ்,” என்றேன்.

கூரைத் தகரத்தில் கட்டியிருந்த துணிக் கம்பியை அவர் பார்த்தார்.

“இதுல துணி காயப் போடுறது யாருங்க?”

“வீட்டுக்காரி.”

“எங்க வீட்லயும் வீட்டுக்காரிதாங்க. கரண்டு அடிச்சு, கம்பியப் புடிச்சபடியே செத்துப்போனா. எங்க லயத்துல எல்லாரும் கேட்டாங்கன்னு எல்லார் வீட்டு ட்ரிப்பையும் நான்தான் கழட்டியிருந்தேன்.”

கம்பியை அவிழ்த்துவிட்டு நைலான் கயிறு கட்டினார். பிறகு ட்ரிப்பைக் கழற்றாமல், ஒழுகலில் நனைந்த வயரைத் தேடி மாற்றினார்.

வேலை தெரிந்த மனிதர். ஆபத்து என்று தெரிந்துதான் அன்று கழற்றியிருப்பார். நானும் தெரிந்துதான் கேட்டேன்.