புளியமரத்தடிப் பாறை

பூமியை ஆழத் துளையிட்டு எடுத்த உருளைக் கற்களுக்குக் கோர் என்று பெயர். அவற்றை ஆழ வரிசைப்படி பெட்டிகளில் அடுக்கிவைத்திருந்த கிருஷ்ணகிரிக் கூடத்தில்தான் கங்கப்பனின் பணிக்காலம் முழுவதும் கழிந்தது. ஒவ்வொரு கல்லையும் முதலில் வெறுந்தராசில் நிறுப்பார்; பிறகு நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு நிறுப்பார். எத்தனை கனத்த கல்லும் நீரில் இறங்கியதும் சற்றே இளைத்துக் காட்டும். அந்த வித்தியாசத்திலிருந்து அடர்த்தியைக் கணக்கிடுவார்.

போச்சம்பள்ளிக்கருகே அவருடைய நிலத்திலும் ஒரு துளை இறங்கிற்று. தம் புளியமரத்தடிப் பாறையைத் தாமே நிறுக்கும் வாய்ப்பு அந்தக் கூடத்தில் அவர் ஒருவருக்கே வாய்த்தது. பின்னர் நிலம் தொழிற்பேட்டைக்குப் போயிற்று. மரம் நின்ற இடத்தில் இப்போது கம்பெனிப் பேருந்துகள் திரும்புகின்றன.

கூடத்தைக் காலிசெய்து, பெட்டிகளையெல்லாம் வெளிமாநிலக் கிடங்குக்கு அனுப்பப்போகிறார்கள் என்ற செய்தி வந்ததும், அவர் மனைவி மாதம்மாள் விடவில்லை.

"நம்ம நெலத்துக் கல்லு ஒண்ணாச்சும் எடுத்தாந்துருங்க."

"கல்ல வெச்சிக்கினு என்னா பண்ணுவ?"

"பாத்துக்கினு இருப்பேன். உங்களயே பாத்துப் பாத்துச் சலிச்சிப்போச்சி."

கூடத்தின் பொறுப்பாளர் ரேவதி, அவரிடம் வேலை பார்த்தவள். கேட்டவுடன் பெட்டியைத் திறந்துவிட்டாள். கங்கப்பன் பழைய வழக்கப்படி உள்ளங்கையை நனைத்துக் கல்லின்மேல் தடவினார். சாம்பல் நிறத்துக்குள்ளிருந்து இளஞ்சிவப்புக் கோடு பளிச்சென்று எழுந்தது.

"முழுக்கல்லு குடுக்க முடியாது சார்" என்றாள் ரேவதி. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "கை தவறி வுழுந்தா சில்லு. சில்லு அளவுல சேராது, குப்பைக்குத்தான் போவும். நான் டீ குடிச்சிட்டு வரேன்."

அவள் போய்விட்டாள். கீழே சிமெண்டுத் தரை. இரு கைகளிலும் கல்லை ஏந்தியபடி கங்கப்பன் நின்றார். விரலைச் சற்றுத் தளர்த்தினால் போதும். ஆனால், நாளை எவரேனும் இந்தப் பெட்டியைத் திறந்து அளந்து வரும்போது, சரியாகப் புளியமரத்தடியில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். நிலத்தைத்தான் காக்க முடியவில்லை. அதன் ஆழத்தையாவது குறையில்லாமல் விட்டுவைக்கலாம் என்று தோன்றிற்று. கல்லை மெல்லப் பெட்டிக்குள் இறக்கினார்.

ரேவதி திரும்பி வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஒடையலீங்களா சார்?"

"ஒடையாதும்மா. நம்மூரு கல்லு."

"அது சரி. தலகீழா வெச்சிருக்கீங்களே!"

ஒவ்வொரு கல்லிலும் ஆழத்தின் பக்கம் காட்டும் அம்புக்குறி உண்டு. இவர் வைத்த கல்லின் அம்பு எதிர்ப்பக்கம் பார்த்தது. பணிக்காலத்தில் ஒருநாளும் செய்யாத தவறு. முகம் சிவக்க அதைத் திருப்பிவைத்தார்.

"போன்ல ஒரு படம் புடிச்சிக்கங்க சார். அம்மா பாக்கட்டும்."

கங்கப்பன் பையிலிருந்து போனை எடுத்தார். கோடு அதற்குள் மங்கியிருந்தது.

"இரும்மா, காஞ்சிப்போச்சி" என்று சொல்லி, மறுபடியும் உள்ளங்கையை நனைத்தார்.