வேதகிரியின் சிறைவாசம்

கால் கிலோ நிறுத்த பிறகும் இன்னொரு கத்திரிக்காயை எடுத்துத் தட்டில் போடுவார் வேதகிரி. போதும் என்றாலும் விடமாட்டார். “எட கம்மின்னு எவனாவது கம்ப்ளெய்ன்ட் குட்த்தா, நீங்களா சார் வந்து ஜாமீன் எடுப்பீங்க?”

உத்திரமேரூர் கடைத்தெருவில் காய்கறி விற்கிறவர். வாலிபத்தில் ஒரு ஜோசியர், ஜாதகத்தில் சிறைவாசம் இருப்பதாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து யாருக்கும் சாட்சிக் கையெழுத்துப் போட்டதில்லை. தள்ளுவண்டியைத் தள்ளும்போதும் ஹெல்மெட் போடுவார். கோயில் வாசலில் தன் செருப்பைப் பக்கத்திலிருப்பவரிடம் காட்டி, “இது என்னுதுதானே?” என்று கேட்ட பிறகே மாட்டுவார்.

இந்த ஆடியில் அதே ஜோசியர் கெடு வைத்துவிட்டார்: ஆவணிக்குள் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்தே தீரவேண்டும். ஆவணியில்தான் மகள் அபிநயாவுக்குக் கல்யாணம். தாலி கட்டும் நேரத்தில் போலீஸ் ஜீப் வந்து நிற்பதாக வேதகிரிக்குத் தினமும் கனவு. பரிகாரத்தையும் ஜோசியரே சொன்னார். எந்த ஜெயிலானாலும் சரி, உள்ளே உட்கார்ந்து ஒருவேளைச் சோறு தின்று, யாராவது விடுதலை செய்து வெளியே வரவேண்டும்.

அப்படித்தான் தெருவே சேர்ந்து வேன் பிடித்து, காட்சிக்கூடமாகிவிட்ட ஒரு பழைய சிறைக்குப் போனோம். என் மனைவி காலமான பிறகு எங்கே போனாலும் என் பக்கத்து இருக்கை காலி. வேதகிரியின் மனைவி ஆண்டாளம்மாள் அதில் புளிசாதத் தூக்கை வைத்தார்.

மற்றவர்கள் வெளியிலிருந்தே கம்பியைப் பிடித்து, அழுவதுபோல் செல்பி எடுத்தார்கள். வேதகிரி ஓர் அறை வாசலில் நின்றுவிட்டார். கதவில் பூட்டில்லை. பலகைதான் தொங்கியது: ‘உள்ளே நுழைவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.’

“இன்னாய்யா நின்னுக்கினு கீறே? உள்ள போ.”

“போர்டு பாத்தியா? உள்ள போனா ஜெயில்ல போட்டுடுவான்டி.”

“அதுக்குத்தானய்யா வந்துகீறோம்!”

அவர் அசையவில்லை. ஆண்டாளம்மாள் தூக்கைக் கீழே வைத்தார். இரண்டு கையாலும் அவரை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். “நீ போவல. நான் தள்னேன். கேஸு என் மேல வரட்டும்.” பிறகு பாதி திரும்பி, கம்பி இடுக்கில் புளிசாதத்தை உருண்டை உருண்டையாக நீட்டினார். வேதகிரி சுவரைப் பார்த்தபடி, ஒரு பருக்கை சிந்தாமல் தின்றார்.

காவலாளி விசில் ஊதிக்கொண்டு வந்தார். “யோவ், இன்னா பண்றே அங்க? வெளிய வா!”

வேதகிரி எழுந்திருக்கவில்லை. “ரிலீஸுன்னு உன் வாயால ஒரு வார்த்த சொல்லு நைனா. பொண்ணுக்குக் கல்யாணம்.”

காவலாளி ஆண்டாளம்மாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். காலித் தூக்கைப் பார்த்தார். “சரி, ரிலீஸ். நன்னடத்தைல வுட்டாச்சு. போய்த் தொல.”

வேதகிரி வெளியே வந்து அவர் காலில் விழுந்தார்.

மறுநாள் காலை கால் கிலோ கத்திரிக்காய் கேட்டேன். தராசு முள் நேராக நின்றது. பழக்கத்தில் கை இன்னொரு காயைத் தட்டில் போட்டது. வேதகிரி அதைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு எடுத்து, துண்டில் துடைத்து, கூடையில் திரும்பப் போட்டார்.