ரெங்கத்தில் தோண்டிய நிலவறை

என் புருஷனுக்குச் சந்தேகப்படாவிட்டால் சோறு இறங்காது. கடைக்கு வந்தவன் அரிசியை அள்ளி முகர்ந்து பார்த்தாலே, இவன் எந்தக் கடைக்காரன் அனுப்பிய ஆள் என்று யோசிக்கிற மனுஷர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் மலாய் நாட்டு ரெங்கத்தில் மனை வாங்கி வீடு கட்டத் தொடங்கியபோது, முதல் வேலையாக நிலவறை தோண்ட ஆள் வைத்தார். காரைக்குடிப் பக்கம் எங்கள் வீட்டில் நிலவறை உண்டு. பித்தளைப் பாத்திரமும் வெள்ளிச் சாமானும் காய்ந்த மண்ணுக்கடியில் வருஷக்கணக்கில் பத்திரமாகக் கிடக்கும். இங்கே எதை, யாரிடமிருந்து ஒளிக்கப் போகிறார்? என்னிடமிருந்தோ என்றுகூட நினைத்தேன். அப்போது எனக்கு ஏழாம் மாதம்; வீடு முடியும்வரை மனையோரம் ஒரு கொட்டகையில் இருந்தோம்.

அடுத்த மனையில் ஒரு மலாய்த் தச்சர் இருந்தார். அவர் மனைவிதான் கம்பத்தில், அதாவது அந்த மலாய்க் கிராமத்தில், எல்லோருக்கும் பிரசவம் பார்க்கிறவள். நான் அவளை அவர்கள் வழக்கப்படி அக்கா முறை வைத்துக் 'கக்கா' என்று கூப்பிடுவேன். அவர்கள் வீடு ஆள் உயர மரக்கால்களின் மேல் நிற்கும். அடியில் கோழிகள் மேயும். வாரம் தவறாமல் கக்கா வந்து என் வயிற்றில் எண்ணெய் தேய்த்து நீவிவிட்டுப் போவாள். முதல் பிரசவத்தில் பார்க்க ஆளில்லாமல் பிள்ளையைப் பறிகொடுத்தவள் நான். இந்த முறை அவள் கையைத்தான் மலைபோல் நம்பியிருந்தேன்.

குழி இடுப்பளவு இறங்கியதும் தச்சர் வேலியோரம் வந்து எட்டிப் பார்த்தார். "என்ன, மீன் வளர்க்கவா?" என்று மலாயில் கேட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு இவருக்கு ஆகவில்லை. மறுநாள் காலையில் குழியில் முழங்கால் அளவு தண்ணீர்.

"மழையே பெய்யலை. தண்ணி எங்கேருந்து வந்துச்சு?" என்றார்.

"ஊறியிருக்கும்."

"நம்ம ஊர்ல ஒரு பனைமர ஆழம் தோண்டினாத்தான் கிணத்துல தண்ணி. இங்கே இடுப்பளவுல ஊறுமா? அவன்தான் ஊத்தியிருக்கான். நம்ம மனை வழியா ஓடைக்குப் போய்க்கிட்டு இருந்தவன். வேலி போட்டது பொறுக்கலை."

ஆட்கள் இறைக்க இறைக்கக் குழி நிறைந்தது. ஒரு சாயங்காலம் என் அடுப்புச் சாம்பலையெல்லாம் வாரிக் கொண்டுபோய்க் குழியைச் சுற்றித் தூவினார், தண்ணீர் ஊற்ற வருகிறவன் கால்தடம் விழட்டும் என்று. விடிந்து பார்த்தால் சாம்பல் போட்டது போட்டபடி கிடக்கிறது. குழியிலோ தண்ணீர். அப்பாடா, இத்தோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவர் முகம் வெளிறி உள்ளே வந்தார்.

"கால்தடமே இல்லை. அப்போ இது மந்திர வேலை. அவன் பொண்டாட்டிக்குத் தெரியாத மந்திரமா?"

"வேணாங்க. எனக்கு அவங்கதான் பிரசவம் பார்க்கணும்," என்று கையைப் பிடித்தேன். உதறிவிட்டுப் போனார். அவர்கள் வீட்டு ஏணியடியில் நின்று, கம்பமே கேட்க இருவரையும் சூனியக்காரர்கள் என்று கத்தித் தீர்த்தார். தச்சர் கதவைச் சாத்தினார். அந்த வாரம் கக்கா வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குச் சேற்றில் மாட்டுவண்டி போய்ச் சேர அரைநாள் ஆகும். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரை அந்தக் குழியிலேயே தள்ளியிருப்பேன்.

அவர் விடவில்லை. குழிக்குச் செங்கல் கட்டி, சுண்ணாம்பு பூசி, மேலே பலகை மூடி, வீட்டையும் எழுப்பிக் குடிவைத்துவிட்டார். மார்கழி மழை பிடித்தது. ஒரு மத்தியானம் எனக்கு வலி கண்ட நேரத்தில் நிலவறைப் பலகை மிதந்து எழும்பி, தண்ணீர் வீடெல்லாம் பரவியது. படுக்கக் காய்ந்த இடமில்லை. இவர் தலையில் கைவைத்துக்கொண்டு நிற்கிறார். போய்க் கக்காவைக் கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான்தான் "கக்கா, கக்கா" என்று கத்தினேன். வருவாளா என்று எனக்கே சந்தேகம். அவள் இடத்தில் நானிருந்தால் வந்திருப்பேனா, தெரியாது.

இருவருமே வந்தார்கள். தச்சர் என்னை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் ஏணி ஏற்றினார். மேலே பலகைத் தரை காய்ந்து கிடந்தது. தண்ணீர் அடியில் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஊரில் ஏன் ஒருவரும் மண்ணுக்குள் இறங்காமல் மரக்கால் வைத்து ஏறிக்கொண்டார்கள் என்பது, அங்கே படுத்தபோதுதான் எனக்கு உறைத்தது. பொழுது சாய்வதற்குள் மகள் பிறந்தாள். வீறிட்டு அழுதாள். நானும் அழுதேன்.

பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாகச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டுவைப்பதை நாங்கள் சேனை என்போம். வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பதால் ஆள் பார்த்துத்தான் வைக்கச் சொல்வோம். கக்காவிடம் சொல்லிச் சர்க்கரைத் தண்ணீர் கலக்கச் சொன்னேன். ஏணியடியில் நனைந்துகொண்டு நின்ற என் புருஷனை அவளே மேலே கூப்பிட்டாள். கிண்ணத்தையும் அவர் கையில்தான் கொடுத்தாள். அவர் விரலை நனைத்தார்.

"நீங்க வைக்காதீங்க," என்றேன். "உங்க குணம் எம் புள்ளைக்கு வேணாம். அவர் வைக்கட்டும்," என்று தச்சரைக் காட்டினேன்.

என் புருஷன் என்னைப் பார்த்தார். பிறகு விரலை வேட்டியில் துடைத்துவிட்டு, கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தச்சரிடம் நீட்டினார்.