செவலைக்கும் ஒரு அம்மை வீடு

அந்த ஞாயிற்றுக்கிழமை டிவியில் மிருகங்களோடு பேசும் டாக்டர் படம் போட்டார்கள். தமிழில் பேசவைத்த வெளிநாட்டுப் படம். நாய் அவரிடம் புலம்பியது, எலி வக்கணை பேசியது. கொட்டாரம் ஊரில் எங்கள் வீடே விழுந்து விழுந்து சிரித்தது. சித்தி மட்டும் பாதியில் எழுந்து செவலைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். அவள் கல்யாணமாகி வந்த வருஷம் அந்தப் பசு கன்றுக்குட்டி. அவள் வளர்த்ததுதான்.

எத்தனை ஊசி போட்டும் செவலைக்குச் சினை பிடிக்கவில்லை. மறுநாள் மாட்டு டாக்டர் வந்து சோதித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். படம் பார்த்த நான் சும்மா விடுவேனா?

"செவலை என்ன சொல்லிச்சு டாக்டரே?"

அவர் அப்பாவை ஒரு பார்வை பார்த்தார். "அதுக்கு அம்மை வீட்டுக்குப் போணுமாம் மக்கா."

எல்லோரும் சிரித்தார்கள். "பின்ன, மலட்டுக்கு எத்தன நாளு தீனி போட?" என்றாள் அம்மா. சொன்னது மாட்டை, பார்த்தது சித்தியை.

அந்த வாரமே மினி லாரி வந்தது. அடித்தும் இழுத்தும் செவலை ஏறவில்லை. கடைசியில் சித்தியைக் கூப்பிட்டார்கள். அவள் பலகையில் முன்னால் ஏறினாள், பசு பின்னாலேயே போய்விட்டது. இறங்கி வந்தவள் நேரே தொழுவத்தைக் கூட்டப் போய்விட்டாள். லாரி கேரளத்துக்குப் போவதாகச் சொன்னார்கள். செவலையின் அம்மை அங்கே இருக்கிறாள் போலும் என்று நான் கையாட்டினேன்.

சித்தப்பாவுக்கு கல்ஃபில் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒரு மாதம் லீவு. அந்தக் கணக்கை எங்கள் வீட்டில் ஒருவரும் பேசியதில்லை, சித்தியின் வயிற்றைப் பற்றித்தான் பேசினார்கள். அடுத்த லீவும் முடிந்து அவர் விமானம் ஏறினார். கொஞ்ச நாளில் வாசலில் ஆட்டோ நின்றது. அப்பாவே பெட்டியைத் தூக்கி வைத்தார். பசு சொன்னதைக் கேட்டுச் சிரித்த வீடு, சித்தி என்ன சொல்கிறாள் என்று கேட்கவில்லை.

"எங்க போறிய சித்தி?"

"அம்மை வீட்டுக்கு மக்களே."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அங்க செவலையப் பாத்தா நான் கேட்டேன்னு சொல்லுங்க!"

சித்தி என் கன்னத்தைத் தொட்டாள். "சொல்லுதேன்" என்றாள்.

இரண்டும் ஒரே இடம் என்றுதான் நான் நினைத்தேன். அவள் ஏன் மறுக்கவில்லை என்பது விளங்க, எனக்கும் கல்யாணமாகி, "விசேஷம் ஒண்ணும் இல்லியா?" என்று ஊர் கேட்க வேண்டியிருந்தது.