குடும்பம் இல்லை என்று கையெழுத்துப் போட்டவள்

தப்பு என்னோடதுதான், முதல்லயே சொல்லிடறேன். விண்ணப்பத்துல "பிள்ளைகள் எத்தனை பேர்"னு கேட்ட கட்டத்துல "இரண்டு"ன்னு எழுதினவ நான். அண்ணன் பேரு, அதுக்குக் கீழ என் பேரு. எழுதும்போது ஒரு நிமிஷம்கூட யோசிக்கல. இதுல யோசிக்க என்ன இருக்கு? சித்தப்பாவுக்குப் பிள்ளைங்க யாருன்னு எங்க தெருவுல யாரைக் கேட்டாலும் எங்க ரெண்டு பேரைத்தான் கை காட்டுவாங்க.

எங்க அப்பா செத்தப்ப எனக்கு ஆறு வயசு, அண்ணனுக்கு ஒன்பது. அம்மா அதுக்கு முன்னாடியே போயிட்டா. சித்தப்பா அப்பாவோட தம்பி. புதுச்சேரியிலேர்ந்து பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போனவர், அதனால ஊர்ல அவரை பிரெஞ்சுல சிப்பாய்ங்கற மாதிரி "சொல்தா"ன்னுதான் கூப்பிடுவாங்க. அப்பா சாவுக்கு லீவுல வந்தவர் எங்க ரெண்டு பேர் தலையிலயும் கை வச்சு, "இனிமே இதுங்க என் புள்ளைங்க"ன்னு மாதா கோயில் சாமியார் முன்னாடி சொன்னாரு. எல்லாரும் அந்த நேரத்துல அப்படித்தான் சொல்லுவாங்க. இவர் செஞ்சாரு. கல்யாணமே கட்டிக்கல. எங்களைப் படிக்க வச்சு, பாரீசுக்குக் கூட்டிவந்து, அண்ணனைப் பெரிய படிப்பு படிக்க வச்சு சர்க்கார் உத்தியோகத்துல உக்கார வச்சாரு. என்னைக் கையைப் பிடிச்சுக் கோயில் பீடம் வரைக்கும் நடத்திட்டுப் போனதும் அவர்தான். ரெண்டு கல்யாணப் பத்திரிகையிலயும் அப்பா பேரு வர்ற இடத்துல அவர் பேருதான் அச்சாச்சு.

எண்பதுகளோட நடுவுல அவருக்கு வாதம் வந்துச்சு. வலது பக்கம் சுத்தமா விழுந்துபோச்சு. பேச்சுல நாலஞ்சு வார்த்தைதான் மிச்சம். ஆசுபத்திரியில ரெண்டு மாசம் வச்சிருந்துட்டு, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, இல்லன்னா இல்லம் பாருங்க, கட்டில் வேணும்"னு சொல்லிட்டாங்க.

நாங்க இருந்தது பாரீசுல லா ஷப்பேல் பக்கம், லிஃப்ட் இல்லாத கட்டடத்துல நாலாவது மாடி. ரெண்டு அறை, ரெண்டு பிள்ளைங்க, நானும் வீட்டுக்காரரும். நான் காலையில ஆறு மணிக்கு ஒரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக்கூடத்துல பாத்திரத்தோட மல்லுக்கு நிக்கப் போகணும். அவரைத் தூக்கி உக்கார வைக்கவே ரெண்டு ஆள் வேணும். இதெல்லாம் சொன்னா யாருக்குப் புரியுது? "முதியோர் இல்லத்துல தள்ளப் போறாளாமே"ன்னு ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் காதைக் கடிச்சுக்கிட்டாங்க. சரிம்மா, உங்க வீட்ல வச்சுக்கறீங்களான்னு ஒருத்திகிட்ட கேட்டேன். அதோட நடையைக் கட்டிட்டா.

இல்லம் கிடைச்சுது. ஊருக்கு வெளியே, ரயில் ஏறி அப்புறம் பஸ் பிடிச்சுப் போகணும். ஆனா மாசச் செலவு அவரோட பட்டாளப் பென்சனைப் போல ரெண்டு மடங்கு. மீதியை அரசாங்க உதவியிலேர்ந்து கட்டுவாங்க, அதுக்கு மெரியில, அதான் நகராட்சியில, விண்ணப்பம் போடணும்னு ஆசுபத்திரியில சொல்லிக் கொடுத்தாங்க. பென்சன்ல பத்துல ஒன்பது பங்கு அவங்க எடுத்துக்குவாங்க, ஒரு பங்கு அவர் கைச்செலவுக்கு. மாசக் கடைசி வரைக்கும்தான் கட்டிலைப் பிடிச்சு வைக்க முடியும்னு இல்லத்துல கறாரா சொல்லிட்டாங்க. அதுக்குள்ள உதவி கிடைச்சாகணும். கிடைக்கலன்னா எங்கயோ வடக்கே தூரமா இருக்கிற வேற ஆசுபத்திரிக்கு மாத்திடுவாங்க. அங்க நான் வாரா வாரம் போக முடியாது. தமிழ்ல ஒரு வார்த்தை காதுல விழாம, யாரும் வராம, அந்த மனுஷன் கிடந்து சாவாரு. என் பயமெல்லாம் அதுதான்.

அதனால ஒரே நாள்ல எல்லாக் கட்டத்தையும் நிரப்பிக் கொடுத்துட்டு வந்தேன். கையெழுத்து மணி மணியா இருக்குன்னு எனக்கே பெருமை.

இந்த நாட்டுச் சட்டம் என்னன்னா, அரசாங்கம் காசு போடறதுக்கு முன்னாடி பெத்த பிள்ளைங்களைக் கேட்கும். உன்னால எவ்வளவு முடியும், சம்பளச் சீட்டைக் காட்டுன்னு ஒவ்வொருத்தருக்கும் கடுதாசி போகும். எனக்கு வந்துச்சு. எங்க சம்பளத்தைப் பார்த்தா அவங்களே பாவப்பட்டு விட்டுடுவாங்கன்னு தைரியமா அனுப்பினேன். அண்ணனுக்கும் போயிருக்கும், அவன் உத்தியோகஸ்தன், கொஞ்சம் போடுவான், சித்தப்பாவுக்குத்தானேன்னு நினைச்சேன். மண்டு.

மூணு வாரம் கழிச்சு மெரியிலேர்ந்து கூப்பிட்டாங்க. மேசைக்கு அந்தப் பக்கம் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு அம்மா. ஒரு கடுதாசியை என் பக்கமா திருப்பி வச்சாங்க. அண்ணனோட கையெழுத்து. எனக்குத் தெரியாதா? அந்தக் கையெழுத்துக்காக சித்தப்பா பாண்டிச்சேரியில தனி வாத்தியார் வச்சாரே.

"குறிப்பிட்ட நபர் என் தந்தை அல்ல. இறந்துபோன என் தந்தையின் தம்பி. சட்டப்படி அவருக்கு நான் செய்யவேண்டிய கடமை எதுவும் இல்லை." கூடவே பிறப்புச் சான்றிதழோட நகல். அவ்வளவுதான். எப்படி இருக்காருன்னு ஒரு வார்த்தை கிடையாது.

"மதாம், நீங்க பொய்த் தகவல் கொடுத்திருக்கீங்க"ன்னாங்க அந்த அம்மா.

"பொய்யா? எங்கள்ல அப்பாவோட தம்பி பிள்ளை இல்லாம இருந்தா, அண்ணன் பிள்ளைங்கதான் பிள்ளைங்க. அவர்தான் எங்களை வளர்த்தாரு"ன்னு மூச்சு விடாம சொன்னேன். கல்யாணப் பத்திரிகையைக்கூட பையிலேர்ந்து எடுத்தேன். அதுல தமிழ் எழுத்தைப் பார்த்துட்டு அழகா இருக்குன்னு சொல்லித் திருப்பிக் கொடுத்துட்டாங்க.

அன்னைக்கு மத்தியானமே தெருமுனை பூத்துக்குள்ள நின்னு அண்ணனுக்கு போன் போட்டேன்.

"ஏன்டா, ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லிட்டு எழுதக்கூடாதா?"

"நீ என்கிட்ட கேட்டுட்டா என் பேரைப் போட்ட? ஆபீசுக்கு வந்துருச்சு அந்தக் கடுதாசி. எனக்கு எவ்வளவு அசிங்கம் தெரியுமா?"

"உன் கல்யாணப் பத்திரிகையில யார் பேருடா போட்டோம்?"

"அது வேற, இது வேற. நான் உண்மையைத்தானே எழுதினேன்? எதுல தப்பு, சொல்லு."

அதுதான் வயித்தெரிச்சல். ஒரு எழுத்துகூட பொய் கிடையாது. போனை வச்சுட்டு அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளயே நின்னு, நல்லா வாய்விட்டு அவனைத் திட்டினேன். வெளியே வரிசையில நின்னவங்க பார்த்தாங்க, பார்க்கட்டுமே.

மறுநாள் திரும்பவும் மெரி. அந்த அம்மா கெட்டவங்க இல்ல, அதையும் சொல்லணும். "உங்க அண்ணன் உங்களுக்கு நல்லதுதான் செஞ்சிருக்காரு"ன்னாங்க. அண்ணன் பிள்ளைங்க சட்டத்துல பிள்ளைங்க கிடையாது. யார்கிட்டயும் காசு கேட்க வேண்டாம். மனைவி இல்ல, பிள்ளை இல்ல, பெத்தவங்க இல்லன்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டா மொத்தத்தையும் அரசாங்கமே ஏத்துக்கும், இந்த வாரமே முடிஞ்சிடும்.

எழுதினேன். முந்தி எழுதின அதே பேனா. "குடும்பம்"னு ஒரு வரி இருந்துச்சு, அதுக்கு நேரா "இல்லை"ன்னு எழுதினேன். அவருக்குக் கட்டில் கிடைக்கணும், வேற எதுவும் எனக்கு அப்போ பெருசாத் தெரியல.

கடைசியா ஒண்ணு கேட்டாங்க. "அவசரம்னா யாருக்குத் தெரிவிக்கணும்? உங்க பேரைப் போடட்டுமா?"

"வேண்டாம்"னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? எத்தனையோ தடவை என்னையே கேட்டுக்கிட்டேன். என் பேரு எங்கயாவது ஒரு ஓரத்துல இருந்தாக்கூட மறுபடியும் யாரோ தோண்டி எடுத்து, இவ யாரு, மகளா, முன்னாடி ஏன் அப்படி எழுதினான்னு கேட்டு, எல்லாத்தையும் நிறுத்திப்பிடுவாங்களோன்னு பயம். பொய்த் தகவல்னு அந்த அம்மா சொன்ன வார்த்தை நெஞ்சுல குத்திக்கிட்டே இருந்துச்சு. அந்தக் கட்டம் காலியாவே போச்சு.

மாசம் முடிய நாலு நாள் இருக்கும்போது உதவி கிடைச்சுது. சித்தப்பாவை இல்லத்துல சேர்த்தாங்க. ஜன்னலோரக் கட்டில், வெளியே ஒரு மரம். ஞாயித்துக்கிழமை தவறாம போவேன். குழைய வடிச்ச சோத்துல ரசம் ஊத்திப் பிசைஞ்சு பிளாஸ்க்ல எடுத்துட்டுப் போவேன். அங்க கொடுக்கிற உப்பில்லாத கூழைக் கண்டாலே அவர் முகத்தைத் திருப்பிக்குவாரு. என் ரசத்துக்கு மட்டும் குருவிக்குஞ்சு மாதிரி வாயைத் திறப்பாரு.

மூணாவது ஞாயிறோ நாலாவதோ, ஒரு புது நர்ஸ் வந்தாங்க. சின்னப் பொண்ணு, சிரிச்ச முகம். அவர் வாயைத் துடைச்சுக்கிட்டே, "இது யாரு, உங்க மகளா?"ன்னு கேட்டாங்க.

சித்தப்பா இடது கையை என் பக்கம் தூக்கினாரு. அவர்கிட்ட மிச்சமிருந்த நாலஞ்சு வார்த்தையில ஒண்ணைப் பிடிச்சு இழுத்து, பிரெஞ்சுலயே, "என் பொண்ணு"ன்னாரு.

சேசுவே! "இல்ல, இல்ல"ன்னு எழுந்தே நின்னுட்டேன். "பக்கத்து வீடு. நான் பக்கத்து வீட்டுக்காரி. அவருக்கு வாதம் வந்ததுலேர்ந்து அப்படித்தான் ஏதாவது சொல்லுவாரு."

நர்ஸ் தலையை ஆட்டிட்டுப் போயிட்டாங்க. சித்தப்பா கையைக் கீழ வச்சாரு. என்னையே பார்த்தாரு. காது நல்லாவே கேட்கும் அவருக்கு. நான் குனிஞ்சு, "கட்டிலுக்காகத்தான் சித்தப்பா, தாள்ல அப்படி எழுதியிருக்கு"ன்னு தமிழ்ல சொன்னேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு. அன்னைக்கு மீதி ரசத்துக்கு வாயைத் திறக்கல. அப்புறம் வந்த ஞாயிறுகள்ல திறந்தாரு. ஆனா அந்த வார்த்தையை மறுபடி சொல்லவே இல்ல.

எட்டு மாசம் ஒரு ஞாயிறு விடல. ஒரே ஒரு தடவை விட்டேன். அண்ணன் மகளுக்குப் புதுநன்மை, கோயில்ல முதல் தடவையா நற்கருணை வாங்கற நாள். அவன் பொண்டாட்டி போன் பண்ணி, "பழசையெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க, நீங்க வந்து பிரியாணி போட்டாதான் விருந்து விருந்தா இருக்கும்"னா. ரத்த சொந்தம் ஆச்சேன்னு போனேன். புறநகர்ல தோட்டத்தோட வீடு. நாப்பது பேருக்கு வெங்காயம் உரிச்சேன். சித்தப்பா எப்படி இருக்காருன்னு அண்ணன் ஒரு தடவை கேட்டான். நல்லா இருக்காருன்னேன்.

நல்லா இல்ல. அவர் அதுக்கு முந்தின புதன்கிழமையே போயிட்டாரு. நான் பிரியாணிக்கு தம் போட்டுக்கிட்டு இருந்தப்ப அவர் பிணவறையில கிடந்திருக்காரு.

அடுத்த ஞாயிறு பிளாஸ்க்கோட போனா, ஜன்னலோரக் கட்டில்ல வேற யாரோ ஒரு கிழவர். அதே சிரிச்ச முகத்து நர்ஸ்தான் ஓடிவந்தாங்க. "அடடா, நீங்க பக்கத்து வீட்டம்மாதானே? உங்களுக்கு யாருமே சொல்லலையா?" அவங்க கண்ணுல தண்ணி. "குடும்பம் யாரும் இல்லன்னு தாள்ல இருந்துச்சு. ஒரு வாரம் பார்த்துட்டு நகராட்சியே வியாழக்கிழமை அடக்கம் பண்ணிட்டாங்க."

பூசை உண்டா, சாமியார் வந்தாரான்னு கேட்டேன். அவங்களுக்குத் தெரியல. கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன், அங்க ஒரு மூலையைக் காட்டினாங்க. மரக்கட்டையில ஒரு நம்பர். பேருகூட இல்ல. பட்டாளத்துல இருபது வருஷம் இந்த நாட்டுக்காகக் கஷ்டப்பட்ட மனுஷனுக்கு நம்பர். நான் அந்த மண்ணுல உக்காந்து கத்தின கத்துல காவல்காரர் ஓடிவந்து, "நீங்க அவருக்கு என்ன வேணும் மதாம்?"னாரு. என்ன சொல்றதுன்னு அப்பவும் தெரியல.

அண்ணன் அழுதான். பொய் அழுகைன்னு சொல்ல மாட்டேன், தேம்பித் தேம்பி அழுதான். முப்பதாம் நாள் பூசை தடபுடலா வைக்கணும்னு அவன்தான் நின்னான். நினைவு அட்டை அடிச்சான், நல்ல தடிமன் தாள், ஓரத்துல தங்க வரி. சித்தப்பாவோட பட்டாள உடுப்புப் படம். மேல "எங்கள் அன்புத் தந்தை"ன்னு. கீழ பிள்ளைகள்னு போட்டு ரெண்டு பேரு. முதல்ல அவன் பேரு, அதுக்குக் கீழ என் பேரு.

அந்த அட்டையை ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு இருந்தேன். இதே ரெண்டு பேரு, இதே வரிசையிலதான், மெரியில அந்தக் கட்டத்துல நான் முதல்ல எழுதியிருந்தேன்.

அட்டைக் கட்டைத் தூக்கி அவன் மூஞ்சியில எறியணும்னு இருந்துச்சு. எறியல. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு எறியறது? அவன் எழுதினான், நான் கையெழுத்துப் போட்டேன். அவன் தூரத்துல இருந்துகிட்டு இல்லன்னான், நான் பக்கத்துல உக்காந்து ரசம் ஊட்டிக்கிட்டே இல்லன்னேன்.

நம்ம சனங்களுக்குத் தெரியணும்னு கடைகள்ல கொடுக்கச் சொன்னான். நான் மளிகை வாங்கற யாழ்ப்பாணத்துக்காரர் கடைக்குக் கொண்டுபோனேன். அவர் மிளகாய்த்தூள் நிறுத்துக்கிட்டு இருந்தவர் கையைத் துடைச்சுட்டு, அட்டையை ரெண்டு கையாலயும் வாங்கினாரு. படத்தைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு.

"ஆர் அக்கா இது, உங்கட அப்பாவோ? ஒருநாளும் சொல்லேல்லையே."

"ஆமா, எங்க அப்பா"ன்னேன். எந்தத் தடங்கலும் இல்லாம டக்குனு வந்துச்சு வாயில. அந்த நர்ஸ் கேட்டப்ப, அவர் கையைத் தூக்கிக்கிட்டு என்னையே பார்த்துக்கிட்டு இருந்தப்ப, வராத வார்த்தை.